பாலியில் ஒரே நாளில் பத்தூர் எரிமலையும் கிந்தாமணி காபித் தோட்டமும்

கேள்வி இது: மே கடைசி வாரம் பாலியின் உபுட் நகரில் தங்கப்போகும் ஆறு பேர் குடும்பம். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், பத்து வயது மகள், அறுபத்தைந்தைத் தாண்டிய தாத்தா பாட்டி. பத்தூர் எரிமலையில் சூரிய உதயம், பிறகு காபித் தோட்டம் என்று ஒரு நாள் சுற்றுலாவைப் பல ஏஜென்ட்கள் விற்கிறார்கள். அதை எடுக்கலாமா, எல்லோராலும் ஏற முடியுமா, இதில் என்ன பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

ஒரே நாளில் தாராளமாக முடியும். ஆனால் விற்கப்படும் பாக்கேஜில் எரிமலை அசல், ‘காபித் தோட்டம்’ பெரும்பாலும் கடை. மலையிலிருந்து இறங்கி உபுட்டுக்குத் திரும்பும் தெகலாலாங், தம்பக்சிரிங் பக்கச் சாலையோரத்தில் பத்துப் பதினைந்து காபிச் செடிகளை நட்டு, கூண்டில் இரண்டு மரநாய்களை (அவை தின்று வெளியேற்றிய கொட்டைதான் ‘லுவாக்’ காபி) அடைத்து, பின்னால் விற்பனைக் கூடம் வைத்திருப்பார்கள். பாலியின் பேர் சொல்லும் அராபிகா ரகக் காபி விளைவது அங்கே அல்ல. எரிமலையைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்திலேயே, கிந்தாமணி வட்டாரத்தின் மேற்கு, வடமேற்குச் சரிவுக் கிராமங்களில் விளைகிறது. ஆகவே காபிக்காகக் கீழே இறங்க வேண்டாம். மேலேயே இருந்து தோட்டத்தையும் பார்த்துவிட்டு வேறு சாலை வழியாக இறங்குங்கள். நாளின் நேரக் கணக்கு முழுவதையும் இதை வைத்துத்தான் போட வேண்டும்.

முதலில் இடத்தின் அமைப்பு. பத்தூர் என்பது தனியாக நிற்கும் கூம்பு மலை அல்ல. பழைய பெரிய எரிமலை ஒன்று பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்ததில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பள்ளம் உண்டானது. பின்னர் அதற்குள்ளேயே இன்னொரு சரிவு. இப்போது நாம் பத்தூர் என்று சொல்லும் 1,717 மீட்டர் மலை அந்தப் பள்ளத்தின் நடுவில் பிற்பாடு வளர்ந்தது. அதன் கிழக்கே பிறை வடிவில் பத்தூர் ஏரி, பாலியிலேயே பெரிய ஏரி. பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் பெனலோகான் என்ற ஊரில் நின்றால் மலை, ஏரி, கறுப்பு லாவா வெளி மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். எதிரே ஏரிக்கு அப்பால் 2,152 மீட்டர் அபாங், அதன் பின்னால் பாலியின் உயர்ந்த மலையான ஆகுங். 2012-இல் இந்தப் பள்ளம் முழுவதும் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவானது.

மலை உயிரோடுதான் இருக்கிறது. 1917-இல் எழுந்த லாவா பழைய பத்தூர் கிராமத்துக் கோயில் வாசல் வரை வந்து நின்றது. ஊர் மக்கள் அதைத் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தார்கள். 1926-இல் வந்த லாவா நிற்கவில்லை. கிராமத்தையும் கோயிலையும் மூடிவிட்டது. மக்களும் கோயிலும் விளிம்புக்கு மேலே குடிபெயர்ந்தார்கள். இன்று சாலையோரம் காணும் உலுன் டானு பத்தூர் கோயில் அப்படி மீண்டும் எழுப்பப்பட்டது. ஏரியின் தேவியான தேவி டானுவுக்கு உரியது. பாலியின் சுபாக் என்னும் பாசன அமைப்புக்கு இந்த ஏரித் தண்ணீரும் இந்தக் கோயிலும்தான் தலை. 1963-இல், பக்கத்து ஆகுங் மலை பேரழிவை உண்டாக்கிய அதே ஆண்டில், பத்தூரும் வெடித்து இன்று ஜீப்புகள் ஓடும் கறுப்பு லாவா வெளியை விட்டுச் சென்றது. கடைசிச் சீற்றம் 2000-இல்.

போவதற்கு முந்தின நாள் இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்புத் துறையின் எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுங்கள். ஆபத்து கூடும் வரிசையில் நான்கு படிகள்: நோர்மால், வஸ்படா, சியாகா, அவாஸ். நோர்மால் என்றால் ஏறலாம். வஸ்படாவுக்கு ஏறிவிட்டால் எரிமலை வாய்ப் பகுதியை மூடக்கூடும். அப்போது ஏஜென்ட் “பரவாயில்லை, கூட்டிப்போகிறேன்” என்று சொன்னாலும் ஏறாதீர்கள்.

இனி யார் ஏறுவது என்ற விஷயம். அடிவாரம் ஏரி மட்டத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 1,100 மீட்டரில் தொடங்குகிறது. எனவே ஏற வேண்டியது 600 மீட்டர் உயரம், நேரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி. எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். முதல் பாதி காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே வண்டித்தடம், யாரும் நடக்கலாம். அடுத்த கால்பங்கு பாறைப் படிகள். கடைசிக் கால்பங்கில்தான் தகராறு: உதிரி எரிமலைச் சரளை, ஓர் அடி வைத்தால் அரை அடி வழுக்கும். எல்லாம் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். அதைவிடக் கடினம் இறக்கம். அதே சரளை காலடியில் உருண்டு உட்கார வைத்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் அழுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். தினம் நாற்பது நிமிடம் வேகமாக நடந்து பழகியவருக்கு இது முடியும். மூட்டுத் தேய்மானம், மூச்சிரைப்பு, இதயக் கோளாறு இருந்தால் வேண்டாம். தாத்தா பாட்டிக்கு நிச்சயமாக வேண்டாம். பத்து வயதுப் பெண்ணுக்கு உடல் பலம் இருக்கும். பாதியில் சலித்துத் தூக்கம் வருவதுதான் பிரச்சினை, முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத் தூங்காவிட்டால்.

ஆகவே குடும்பத்தை இரண்டாகப் பிரியுங்கள். மகனும் பெற்றோரில் ஒருவரும் ஏறட்டும். மற்ற நால்வரும் ஜீப் எடுக்கட்டும். ஒரு ஜீப்பில் ஓட்டுநர் போக நால்வர்தான், கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் ஜீப்பைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்: ஜீப் பத்தூர் உச்சிக்குப் போகாது. எந்த ஜீப்பும் போகாது. பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய ஒரு மேட்டில் நிறுத்துவார்கள், அங்கிருந்து பத்தூரும் அதன் பின்னால் உதயமும் தெரியும். பிறகு இறங்கி 1963 லாவா வெளிக்கு ஓட்டிப்போவார்கள். ‘எரிமலை ஜீப் சவாரி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வாய் வரை வண்டி போகும் என்று நினைத்து ஏமாறுவோர் அதிகம். புகைப்படத்துக்கு ஜீப் இடம்தான் மேல், ஏனென்றால் மலையே படத்தில் இருக்கும். மலைமேல் நிற்பவர் படத்தில் மலை இருக்காது. வண்டிகள் பழைய டொயோட்டா, சுசுகி ரகங்கள், திறந்தவை, பின்னால் பெல்ட் இருப்பதை எதிர்பார்க்காதீர்கள். வயதானவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், குழந்தையை நடுவில். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனவர், கர்ப்பிணி, இவர்களுக்கு ஜீப்பும் ஆகாது. அவர்கள் பெனலோகானில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம், காட்சி குறையாது.

வழிகாட்டி இல்லாமல் ஏறலாமா என்று சிலர் கேட்பார்கள். பாதை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளூர் வழிகாட்டிகள் சங்கம் அடிவாரத்திலேயே தடுத்து நிறுத்தும், வாக்குவாதம் வரும். அந்த நேரத்தில் அந்த இருட்டில் அதற்கு அவசியமில்லை. வழிகாட்டியோடு போங்கள், அது அவர்களின் பிழைப்பு. முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நால்வருக்கு மேல் என்றால் மெதுவாக வருபவர் பின்தங்குவார். நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா? சேராவிட்டால் சாலையிலேயே வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். உச்சி வரை போகிறோமா? கூட்டம் அதிகமான நாட்களில் பல வழிகாட்டிகள் கீழுள்ள முதல் பார்வை மேட்டில் நிறுத்தி “இதுதான்” என்பார்கள். “பூன்சாக்” என்று கேளுங்கள், உச்சிக்கு அதுதான் சொல். அந்த முதல் மேட்டிலிருந்து உச்சிக்கு இன்னும் இருபது முப்பது நிமிடம், அதுவும் அந்தச் சரளைப் பகுதி. களைத்திருந்தால் முதல் மேட்டோடு நிற்பதும் தவறில்லை, உதயம் ஒன்றுதான். வாயைச் சுற்றி முழு வட்டம் நடக்க வேண்டுமென்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும். சில இடங்களில் இரு பக்கமும் சரிவுள்ள ஒடுங்கிய முகட்டில் நடக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

விலை: தனியாக ஏற்பாடு செய்தால் ஏற்றத்துக்கு வண்டியும் சேர்த்து ஒருவருக்கு ஏறத்தாழ 4 முதல் 6 லட்சம் ருபியா, ஜீப் ஒன்றுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம், நாள் முழுவதற்கும் ஓட்டுநருடன் கார் 6 முதல் 9 லட்சம் ருபியா என்பது சமீப ஆண்டுகளின் வழக்கம். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 180 முதல் 190 ருபியா என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆறு பேருக்கு பாக்கேஜைவிட, ஒரு பெரிய காரை நாள் முழுக்க எடுத்துக்கொண்டு ஏற்றத்தையும் ஜீப்பையும் அடிவாரத்தில் தனித்தனியாகப் பேசுவது மலிவு. முக்கியமாக, ஓட்டுநர் எந்தக் கடைக்குக் கூட்டிப்போவது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்.

ஸ்கூட்டர் எடுத்துப் போகும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். இருட்டு, பனிமூட்டம், பெனலோகானிலிருந்து ஏரிக்கு இறங்கும் கொண்டையூசி வளைவுகள், எதிரே வரும் மணல் லாரிகள். இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் விபத்து நடந்தால் பயணக் காப்பீடும் கைகொடுக்காது.

மே கடைசியில் பாலியில் சூரியன் எழுவது 6.25 வாக்கில். ஆனால் கீழ்வானம் நிறம் மாறத் தொடங்குவது 5.45-க்கே, பார்க்க வேண்டியதும் அந்த நாற்பது நிமிடம்தான். அதற்கு உபுட்டை விட்டு அதிகாலை 2.15-க்குக் கிளம்ப வேண்டும். அடிவாரம் 3.30, ஏற்றம் 3.45-க்குள் தொடங்க வேண்டும். தெற்குக் கடற்கரையில் கூட்டா, செமின்யாக் பக்கம் தங்கினால் இதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்திலிருந்து இந்தப் பயணம் வெறும் தூக்கக்கேடு, முந்தின இரவு உபுட்டுக்கோ ஏரிக்கரைக்கோ வந்துவிடுவது நல்லது. ஜீப் குழு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம், ஆனால் ஒரே கார் என்றால் எல்லோரும் சேர்ந்துதான். தாத்தா பாட்டி வண்டியிலேயே தூங்கட்டும்.

உச்சியில் 10 முதல் 14 டிகிரி இருக்கும், காற்றோடு. ஏறும்போது வியர்க்கும், நின்றதும் குளிரும். வியர்த்த பனியனோடு ஒரு மணி நேரம் நிற்பதில்தான் பலருக்கு உடம்பு நடுங்கிப்போகிறது. மாற்று பனியன் ஒன்றும் காற்று புகாத ஜாக்கெட் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். அடிப்பகுதி தேயாத ஷூ. செருப்பும் சாண்டலும் வேண்டாம், அந்தச் சரளை விரலிடுக்கில் புகுந்து கிழிக்கும். நெற்றி விளக்கு தருவார்கள், பாட்டரி பாதி உயிரோடுதான் இருக்கும், சொந்தமாக ஒன்று வைத்திருங்கள். கழிப்பறை அடிவாரத்தில்தான் ஒழுங்காக இருக்கும். சில்லறை நோட்டு தேவை. மேலே நீராவி வரும் பொந்துகளில் முட்டையும் வாழைப்பழமும் வேகவைத்துக் காலை உணவாகக் கொடுப்பார்கள். அந்தப் பொந்துகளில் கையை வைத்துப் பார்க்காதீர்கள், நீராவி சுடும். குரங்குகள் உண்டு. வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்தால் பழமும் போகும், சில சமயம் கண்ணாடியும் போகும்.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். அப்போதும் மேகம் மூடி ஒன்றும் தெரியாமல் போகும் நாள் உண்டு. அதற்குப் பணம் திரும்பாது. நவம்பர் முதல் மார்ச் வரை அந்த வாய்ப்பு பல மடங்கு, பாதையும் வழுக்கும். மார்ச்சில் வரும் நியெபி நாளில் தீவே அசையாது, விமான நிலையம் கூட மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாலியின் தலைநகரான டென்பசார்க்காரர்கள் குடும்பத்தோடு பெனலோகானுக்கு வந்துவிடுவதால் விளிம்புச் சாலை நெரிசலாகிவிடும், எனவே வார நாளாகப் பாருங்கள்.

ஏறியவர்கள் இறங்கி வர 8.30 ஆகும். அதற்குள் ஜீப் குழு லாவா வெளியில் இருக்கும். அந்த இடத்தில் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அளவுக்கு எடை குறைவு, உடைந்த பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். உருகிய குழம்பில் கரைந்திருந்த வாயு, மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் குமிழியாக வெளியேறிய தடம் அவை. அறுபது ஆண்டு ஆகியும் அதன்மேல் சாம்பல் நிறப் பாசிப்படலமும் இடுக்குகளில் கொஞ்சம் பெரணிச் செடியும்தான் பிடித்திருக்கின்றன. மண் இன்னும் உண்டாகவில்லை. சற்றுத் தள்ளிப் பழைய லாவாமேல் புதர். அதற்கும் முந்தையதில் வெங்காயமும் முட்டைக்கோசும். பள்ளத்தின் வெளிச் சரிவில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாம்பல் படிந்து மக்கிய நிலத்தில்தான் காபி. இந்த வரிசையை லாவா வெளியில் நின்று மனதில் வாங்கிக்கொண்டால், மதியம் தோட்டத்தில் காலடி மண் ஏன் அவ்வளவு பொலபொலவென்று இருக்கிறது என்பது தானாகப் புரியும். லாவாக் கல்லின் விளிம்பு கூர்மை, உட்கார்ந்து சறுக்காதீர்கள்.

8.30-க்கு எல்லோரும் ஏரிக்கரையில் தோயா புங்காவில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே வெந்நீர் ஊற்றுக் குளங்கள் இருக்கின்றன. எரிமலைச் சூட்டில் காய்ந்த நிலத்தடி நீர். ஏறிய காலுக்கு ஒரு மணி நேரம் நல்லது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பதினைந்து நிமிடத்தோடு எழுந்துவிடட்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் த்ருன்யான் கிராமத்தில் சடலங்களைப் புதைக்காமல் மரத்தடியில் கிடத்தும் வழக்கத்தைக் காட்டப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். இந்த நாளில் அதைச் சேர்க்க வேண்டாம். நேரமும் இல்லை, படகுக் கூலியில் நடுவழிப் பேரமும் பிடிக்காது.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏரிக்கரைச் சிறப்பு முஜாயிர் மீன். நம் ஊர் ஜிலேபிதான் அது. டோஃபு, புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பே, வேர்க்கடலைச் சாந்து ஊற்றிய காய்கறியான காடோ-காடோ, தேங்காய் சேர்த்த உரப் எல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பலில் தெராசி என்ற இறால் விழுது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. “தன்பா தெலூர், தன்பா இக்கான், தன்பா தெராசி” என்று சொல்லுங்கள்: முட்டை, மீன், இறால் விழுது இல்லாமல். விளிம்பில் இருக்கும் பெரிய பஃபே உணவகங்கள் காட்சிக்கு விலை போடுபவை. ஓட்டுநருக்குக் கமிஷனும் உண்டு. வாருங் என்னும் சிறிய உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுங்கள்.

பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல் விளிம்பில் மூடுபனி ஏறத் தொடங்கும். அதனால் பெனலோகான் பார்வையையும் கோயிலையும் 10.30-க்குள் முடித்துவிட்டு மேற்கே கிளம்புங்கள். கோயிலுக்கு இடுப்புத் துணி கட்டாயம். ஒரு வேட்டி போதும், வாசலில் வாடகைக்கும் கிடைக்கும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே போகக்கூடாது என்ற பலகை வாசலிலேயே இருக்கும்.

காபிக் கிராமங்கள் என்றால் சாத்தூர், பெலாந்தி, உலியான், மெங்கானி. சாத்தூர் என்றதும் விருதுநகர்ப் பக்கம் நினைவு வரலாம், பெயர் ஒற்றுமைதான். பெனலோகானிலிருந்து நாற்பது, ஐம்பது நிமிடம். இங்கே பெரிய எஸ்டேட் கிடையாது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். புன்செய் விவசாயிகள் சுபாக் அபியான் என்ற சங்கங்களாகச் சேர்ந்து பழத்தைப் பதப்படுத்துகிறார்கள். நெல் வயலுக்குச் சுபாக், தோட்டப் பயிருக்குச் சுபாக் அபியான். கிந்தாமணி அராபிகாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இந்தோனேசியாவில் அந்தக் குறியீடு பெற்ற முதல் பொருள் அது. விதி கறாரானது: 900 மீட்டருக்கு மேல் விளைய வேண்டும், பறித்ததில் 95 சதவீதமாவது சிவந்த பழமாக இருக்க வேண்டும். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள், இவை சுற்றுலாக் கூடங்கள் அல்ல, ஆள் வயலில் இருப்பார். ஓட்டுநரிடம் “கெபுன் கோபி அராபிகா, புக்கான் லுவாக்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்: அராபிகாத் தோட்டம் வேண்டும், லுவாக் வேண்டாம்.

தோட்டத்தில் நிழல் மரமாக டடாப் நிற்கும். நம் கல்யாண முருங்கையின் இனம்தான், ஏற்காடு தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். ஊடே ஆரஞ்சு. கிந்தாமணி காபியில் எலுமிச்சை, ஆரஞ்சு வாடை வருவதற்கு அந்த மரங்கள்தான் காரணம் என்று அநேகமாக எல்லா வழிகாட்டியும் சொல்வார். பக்கத்து மரத்தின் வாசனை வேர் வழியாகக் கொட்டைக்குள் போகாது. உயரத்தால் பழம் மெதுவாகப் பழுப்பது, ரகம், தண்ணீரில் கழுவிப் பதப்படுத்தும் முறை, இந்த மூன்றுமே அந்தப் புளிப்புக்குப் போதுமான காரணங்கள். ஆரஞ்சு இருப்பது விவசாயிக்கு இன்னொரு வருமானம், அவ்வளவே. ரகங்களில் எஸ் 795 என்று ஒன்றைச் சொல்வார்கள். அது கர்நாடகத்தில் சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. தென்னிந்தியத் தோட்டங்களில் இன்றும் பரவலாக நிற்கிற அதே செடி, இங்கே ஜெம்பர் என்ற பெயரிலும் புழங்குகிறது.

அறுவடை மே கடைசியில் தாழ்வான தோட்டங்களில் தொடங்கி, ஜூன், ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் போகும் வாரத்தில் மேலுள்ள தோட்டங்களில் பழம் பச்சையாகவே இருக்கலாம். எனவே கேட்டுவிட்டு, பறிப்பு தொடங்கிய தோட்டத்துக்குப் போங்கள். வேலை நடக்கும் நாளில் பார்க்கக் கிடைப்பது இது. பறித்த பழத்தை முதலில் தொட்டித் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பது சொத்தை, காய் துளைப்பான் பூச்சி தின்றது, அல்லது கொட்டை பிடிக்காதது. மூழ்கியதை அன்றே பல்பரில் போட்டுத் தோலுரிப்பார்கள். ஒரு பழத்தை நீங்களே பிதுக்கிப் பாருங்கள்: மெல்லிய இனிப்புச் சதை, உள்ளே வழவழவென்று கையில் நிற்காமல் நழுவும் இரண்டு கொட்டை. அந்த வழவழப்பை நீக்கத்தான் தொட்டியில் 12 முதல் 36 மணி நேரம் ஊறப்போட்டு நொதிக்க விடுகிறார்கள். கையில் எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல் போல நறநறவென்று உரச வேண்டும், அதுதான் பதம். அதற்குமேல் விட்டால் காடி வாடை கொட்டையில் ஏறிவிடும், வறுத்தாலும் போகாது. பிறகு கழுவி, உயரமான வலைக்கட்டில்களில் பரப்பிக் காயவைப்பார்கள். மதியத்துக்கு மேல் பனி இறங்கும் ஊர் என்பதால் மேலே பிளாஸ்டிக் கூரை. இல்லாவிட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிடும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வர இரண்டு வாரம்கூட ஆகும். பல்லில் கடித்தால் பதியாமல் உடைய வேண்டும். இதையெல்லாம் தாண்டி, ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். இதைக் கேட்ட பிறகு விலையில் பேரம் பேச மனம் வராது.

லுவாக் பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் ஓட்டுநர் எப்படியும் ஒருமுறை கேட்பார். மரநாய் பழத்தைத் தின்று வெளியேற்றிய கொட்டையைக் கழுவி வறுப்பது லுவாக் காபி. காட்டில் திரியும் மரநாய் நல்ல பழமாகப் பொறுக்கித் தின்னும் என்பதுதான் இதன் பெருமைக்கு ஆதாரம். கூண்டில் அடைத்துக் கிடைத்த பழத்தை ஊட்டினால் அந்த ஆதாரமே இல்லை. மரநாய் இரவில் அலையும், தனித்து வாழும் விலங்கு. பகலில் சுற்றுலாக்காரர் முன் கம்பிக் கூண்டில் கிடப்பது அதற்குச் சித்திரவதை. பாலியில் 16 இடங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், விலங்கு நலத்தின் அடிப்படைத் தேவைகளைக்கூட ஓர் இடமும் நிறைவேற்றவில்லை. ‘காட்டு லுவாக்’ என்று எழுதிய பொட்டலத்தைச் சரிபார்க்கவும் வழியில்லை. அந்தக் கடைகளில் இலவசமாகத் தரும் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கோப்பைகளும் பெரும்பாலும் சர்க்கரை கலந்த உடனடிப் பொடிகள்: தேங்காய்க் காபி, இஞ்சித் தேநீர், மங்குஸ்தான் தேநீர். ருசியாகத்தான் இருக்கும், தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கும்போது இரண்டு காபியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைகளில் ‘கோபி பாலி’ என்று கிடைக்கும் கறுத்த நைசுப் பொடி அநேகமாகத் தாழ்நிலத்து ரோபஸ்டா, பூபுவான் பக்கம் விளைவது. கோப்பையில் பொடியும் சர்க்கரையும் போட்டுக் கொதிநீர் ஊற்றி, நான்கு நிமிடம் மண்டி அடங்கியதும் குடிக்கும் துப்ருக் காபிக்கு அது சரி. நம் ஃபில்டரில் போட்டால் துளைகளை அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் சொட்டாது. கிந்தாமணி அராபிகாவை வறுத்த கொட்டையாகவே, ‘பிஜி’ என்று கேட்டு வாங்குங்கள். ‘பூபுக்’ என்றால் பொடி. பொட்டலத்தில் ‘அராபிகா கிந்தாமணி’ என்ற பெயரும் வறுத்த தேதியும் இருக்கிறதா பாருங்கள், தேதி ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும். இளவறுப்பில் பால் ஊற்றினால் சப்பென்று புளிப்போடு இருக்கும், “ஏமாந்துவிட்டோம்” என்று தோன்றும். அது காபியின் குற்றமல்ல, பால் இல்லாமல் குடிக்க வறுத்தது. பால் காபிதான் வீட்டு வழக்கம் என்றால் நடுத்தரத்துக்கு மேல் கறுக்க வறுத்ததைக் கேளுங்கள். ஊருக்கு வந்து ஃபில்டர் பதத்தில் அரைத்து, வழக்கமான சிக்கரியோ ஐந்தில் ஒரு பங்கு ரோபஸ்டாவோ சேர்த்துக்கொள்ளுங்கள். வறுக்காத பச்சைக் கொட்டையும் நாற்றும் மட்டும் வேண்டாம். இந்தியாவில் தாவர நோய்த்தடுப்புச் சோதனையில் மாட்டும்.

தோட்டத்தை விட்டு இரண்டு மணிக்குக் கிளம்பிப் பாயாங்கான் வழியாக இறங்கினால் நான்குக்குள் உபுட். தெகலாலாங் சாலை நெரிசலும் லுவாக் கடை வரிசையும் இந்தப் பக்கம் இல்லை. ஓட்டுநரும் உங்களோடு அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தவர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவருக்கு அரை மணி நேரம் கண்ணயர விட்டு, அதன் பிறகு அந்த வளைவுகளில் இறங்கச் சொல்லுங்கள்.